திறந்து பார்க்காத பின்சக்கரம்

பின்சக்கரத்துப் பிரேக் டிரம்மின் முதுகில் மரச்சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினேன். அசையவில்லை. அதிலிருந்த இரண்டு துளைகளிலும் போல்ட்டை மாட்டி, இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று என்று முறுக்கிக்கொண்டே போனேன். கிறீச்சென்று ஒரு சத்தம். டிரம் வெளியே வந்தது. கூடவே ஒரு லைனிங் துண்டு முழுசாகக் கழன்று என் மடியில் விழுந்தது.

நல்ல வெயில் நேரம். பட்டறைத் தகரக் கூரை படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் தேவராஜ் லேத்தில் எதையோ கடைந்துகொண்டிருந்தார்.

துண்டைக் கையில் எடுத்தேன். ஒரு சாண் நீளம், வளைந்த கறுப்புத் துண்டு. தேயவே இல்லை. போட்ட அன்றைக்கு இருந்த தடிமன் அப்படியே இருந்தது. திருப்பினேன். பிரேக் ஷூவோடு ஒட்டியிருக்க வேண்டிய முதுகுப் பக்கம் முழுக்கத் துரு. விரல் பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது.

அந்த லைனிங்கை ஒட்டியவள் நான். "தொறக்க வேண்டாம், போயிட்டு வாங்க" என்று அந்த வேனை அனுப்பி வைத்தவளும் நான்தான். வேன் கவிழ்ந்து அப்போது ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து வாசலுக்குப் போய், தென்காசி ரோட்டில் போகிற பஸ்ஸையெல்லாம் ஒரு காரணமும் இல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் லைனிங் இன்னும் என் கையில்தான் இருந்தது.

பட்டறைக்காரி

என் கல்யாணத்தைப் பற்றியும், எங்கள் சபைக் குருவானவர் "எஸ்தர், உனக்கு இரும்பு வாசனை பிடிக்குமா?" என்று கேட்டதைப் பற்றியும் முன்பே எழுதிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: ராஜபாளையத்தில் எங்களுக்குச் சின்ன பிரேக் பட்டறை. அவர் டிரம் கடைவார். நான் லைனிங் போடுவேன்.

வேலை இதுதான். பழைய வேன், ஜீப், லாரிகளில் சக்கரத்துக்குள்ளே இரும்புச் சட்டி மாதிரி ஒரு டிரம் சுற்றும். அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூ. ஷூவின் மேல் லைனிங். பெடலை மிதித்தால் ஷூ விரிந்து, லைனிங் டிரம்மை உரசி, வண்டி நிற்கும். நிற்பது அந்தக் கறுப்புத் துண்டால்தான்.

பெரிய வண்டிகளுக்கு ரிவெட் அடித்துப் போடுவேன். சின்ன வண்டிகளுக்குப் பசை தடவி, இறுக்கிக் கட்டி, அடுப்பில் வேகவைத்து ஒட்டுவேன். ஒட்டுவதற்கு முன்னால் ஷூவைத் தேய்த்து வெள்ளையாக்க வேண்டும். அதில் நான் கறார். என் கை பட்ட லைனிங் கழன்றது என்று யாரும் வந்து நின்றது கிடையாது.

அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

லைனிங் எத்தனை வழியில் போகும்

லைனிங் தேய்ந்து போகும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். தேய்ந்து போவது நல்ல சாவு. கரகரவென்று சத்தம் கொடுத்து, பெடலைக் கீழே இறக்கி, சொல்லிவிட்டுத்தான் போகும். சத்தத்தைக் கேட்டும் ஓட்டிக்கொண்டிருந்தால் ரிவெட்டின் தலை டிரம்மைக் கோடு கோடாக அறுத்துவிடும். அது ஓட்டுகிறவர் குற்றம்.

எண்ணெயில் ஊறிப்போவது இன்னொன்று. பழைய வண்டியில் ரப்பர் சீல் காய்ந்து வெடித்திருக்கும். ஆக்ஸிலிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கசிந்து லைனிங்கில் இறங்கும். பிறகு எம்புட்டு மிதித்தாலும் வழுக்கும்.

சூட்டில் போவது மூன்றாவது. செண்பகத்தோப்புப் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்த ராஜு என்ற ஒருவர் எங்களிடம் ஜீப் கொண்டுவருவார். அடிவாரத்தில் மேட்டில் இருக்கிற தோப்பு. இறங்கும்போது கியரில் இறங்காமல், வழி முழுக்கப் பிரேக்கில் கால் வைத்தே வருவார். திறந்து பார்த்தால் லைனிங் கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இறுகிப் போயிருக்கும். "ஏமம்மா, புதுசாத்தான இருக்கு?" என்று தெலுங்கு கலந்து கேட்பார். "முகம் பாத்துக்கிடலாம் ராஜு, வண்டி நிக்காது" என்பேன். சிரித்துவிட்டு, அடுத்த தடவையும் அப்படியே இறங்கி வருவார்.

அப்போதெல்லாம் டிரம்மைத் திறந்ததும் தூசியை வாயால் ஊதித் தள்ளுவேன். பழைய லைனிங் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. இப்போது ஈரத்துணி போட்டுத்தான் துடைக்கிறேன். இருமல் மட்டும் பழசு போகாமல் இருக்கிறது.

நான்காவது வழி ஒன்று உண்டு. அது எனக்குத் தெரியாதது இல்லை. தெரிந்தும் நினைத்துப் பார்க்காதது. ஓடாமல் நின்ற வண்டி.

'டொக்'கென்று ஒரு சத்தம்

காஜா மைதீனுக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். இருபது வருஷத்துக்கு மேலான ஒரு வேன் அவருடையது. செண்பகத்தோப்புப் பாதையில் இருக்கிற ஒரு கிராமத்துப் பெண்களைக் காலையில் ஏற்றி, செட்டியார்பட்டி பக்கம் இருக்கும் ஒரு நூல் மில்லில் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிப்போவார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பேருள்ள குன்றின் மேல் இருக்கிற பெருமாள் கோயிலுக்குச் சவாரி அடிப்பார். "பெருமாள் புண்ணியத்துல டீசல் ஓடுதுக்கா" என்பார். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன்.

கொரோனாவுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் வேனுக்கு நாலு சக்கரத்துக்கும் லைனிங் மாற்றினேன். பிறகு ஊரே அடைத்துக் கிடந்தது. மில் நின்றது, வேனும் நின்றது. அவர் வீட்டுப் பக்கத்தில் வேப்பமரத்தடியில், ஹேண்ட் பிரேக் போட்டபடியே, இரண்டு மழைக்காலம் அது அங்கேயே நனைந்தது.

மில் மறுபடி ஆள் கூப்பிட்டதும் ஒரு காலையில் வேனோடு வந்தார்.

"மொதல்ல நகரவே இல்லக்கா. கியரப் போட்டு உறுமுறேன், அசைய மாட்டேங்குது. பொறவு ரெண்டு பேரு பின்னால நின்னு தள்ளுனாங்க. 'டொக்'குனு ஒரு சத்தம். அப்புறம் ஓடிருச்சு."

"ஹேண்ட் பிரேக் போட்டா நிறுத்தி வச்சிருந்தீங்க?"

"ஆமாக்கா. சரிவுல நின்னுச்சுல்லா."

"அப்ப லைனிங் டிரம்மோட துருப்பிடிச்சு ஒட்டிருக்கும். விட்டுருச்சுல்ல? ஓட ஓடச் சரியாயிரும்."

சக்கரத்துக்குப் பின்னால் ரப்பர் மூடி போட்ட ஒரு சின்னத் துளை உண்டு. அதன் வழியாக டார்ச் அடித்து லைனிங் ஓரத்தைப் பார்க்கலாம். பார்த்தேன். தடிமன் அப்படியே இருந்தது. வண்டியை எடுத்து ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டி மிதித்துப் பார்த்தேன். நின்றது.

"தொறந்து பாக்கணுமாக்கா? நாளைக்கு மில்லுக்கு வரச் சொல்லிருக்காங்க. இருந்தாலும் தொறக்கணும்னா சொல்லுங்க, விட்டுட்டுப் போறேன்."

அவர்தான் கேட்டார். இதை நான் பல தடவை எனக்குள்ளே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவசரப்பட்டது அவர் இல்லை.

"நாந்தான போட்டேன். அம்புட்டும் புதுசு. தொறக்க வேண்டாம், போயிட்டு வாங்க பாய்."

அந்த 'டொக்' சத்தத்தில் விட்டது டிரம்மும் லைனிங்கும் இல்லை. லைனிங் டிரம்மைத்தான் கெட்டியாகப் பிடித்திருந்தது. அதன் முதுகில் இரண்டு மழைக்காலத்து ஈரம் பசைக்கு அடியில் நுழைந்து, ஷூவைத் துருவாக்கி, ஒட்டை மெல்ல மெல்லத் தூக்கியிருந்தது. பின்னால் நின்று தள்ளியபோது பாதி கிழிந்தது. மீதிப் பாதியில்தான் அந்த வேன் மூன்று வாரம் ஓடியிருக்கிறது.

கண்மாய்க் கரை

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே நடந்தது. பதினோரு பெண்களோடு வேன் கண்மாய்க் கரையிலிருந்து இறக்கத்தில் இறங்கியிருக்கிறது. எதிரே ஒரு டிராக்டர். காஜா பாய் பிரேக்கை மிதித்தார். கழன்ற லைனிங் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் ஆப்பு மாதிரிச் சிக்கி, பின்னால் இடது சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. வேனின் பின்பக்கம் சுழன்றது. மண் ஓரத்தில் இறங்கி, முன்பக்கம் ஒரு பனையில் மோதி, இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தது.

உயிர் எதுவும் போகவில்லை. பலருக்குச் சிராய்ப்பு. இடது பக்க ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளிக் கம்பியைப் பிடித்திருந்த முத்துமாரி என்ற பெண்ணுக்கு இடது கை நசுங்கிவிட்டது. முப்பது வயது. மில்லில் அறுந்த நூலைப் பிணைக்கிற வேலை. விரல்தான் அந்த வேலைக்கு எல்லாம்.

விழுகிற நேரத்தில் காஜா பாயின் போன் அடித்திருக்கிறது. வீட்டிலிருந்து அவர் மனைவி. போன் அடித்ததைக் கேட்ட பெண்கள் அதைச் சொன்னார்கள். அடித்தது என்பது, வாய் மாறி வாய் மாறி, பேசிக்கொண்டே ஓட்டினார் என்று ஆனது. போன் நொறுங்கிப் போயிருந்தது. வண்டியைப் பார்வையிட வந்த அதிகாரி பெடலை மிதித்துப் பார்த்தார், கீழே இறங்காமல் கெட்டியாக நின்றது. எண்ணெய்க் கசிவு இல்லை. பின்சக்கரம் சுழலாததை, விழுந்த அடியில் வளைந்திருக்கும் என்று எழுதினார். டிரம்மைத் திறந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. எனக்கே தோன்றாதது அவருக்கு எப்படித் தோன்றும்?

காஜா பாய் மேல் வழக்கு. லைசென்ஸ் போலீஸ் கையில். ஸ்டேஷனில் இருந்து வேனை விட்டதும், தேறுமா தேறாதா என்று பார்க்கச் சொல்லி எங்கள் பட்டறைக்கு இழுத்து வந்து போட்டார்கள். அப்படித்தான் அந்தப் பின்சக்கரம் என் முன்னால் வந்தது.

"யாரு கேட்டா?"

லேத்தை நிறுத்திவிட்டுத் தேவராஜ் வந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"மூடி வை" என்றார்.

"என்ன சொல்லுதீங்க?"

"டிரம்ம மாட்டி மூடி வைங்கேன். உன்னைய யாராவது கேட்டாங்களா? வண்டி ரெண்டு மழை நனைஞ்சு கெடந்தா அதுக்கு நீ என்னட்டி பண்ணுவ?"

"பாய் கேட்டாரு. தொறக்கணுமான்னு கேட்டாரு."

"அது ஒனக்கும் அவருக்கும் மட்டுந்தான தெரியும்."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

அவர் லேத்துக்குப் போனார், ஆனால் ஓடவிடவில்லை. அவரைக் கெட்ட மனுஷன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பட்டறை மூடினால் நாங்கள் இருவரும் வேறு எதற்கும் லாயக்கில்லை. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான் டிரம்மை மூடவில்லை. ஷூவையும் லைனிங்கையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு ஆணியில் மாட்டினேன். செத்த நேரம் கழித்து எடுத்து பீரோவுக்கு அடியில் வைத்தேன். பிறகு மறுபடியும் ஆணியில்.

பதினோரு நாள்

அன்றிலிருந்து ஒரு இடத்தில் என்னால் இருக்க முடியவில்லை. பழைய நோட்டுகளை எடுத்து, ஊர் அடைப்புக்கு முன்னால் யார் யாருக்கு லைனிங் ஒட்டினேன் என்று பார்த்து, ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன்.

"வண்டி நின்னு கெடந்துச்சா? கொண்டாங்க. தொறந்து பாக்கணும்."

"நல்லா ஓடுதுங்களே."

"பரவாயில்ல, கொண்டாங்க."

சிலர் சிரித்தார்கள். சிலர் கொண்டுவந்தார்கள். திறந்து, லைனிங் மேல் சின்னச் சுத்தியலால் தட்டுவேன். ஒட்டு நன்றாக இருந்தால் 'டங்'கென்று தெளிவாகக் கேட்கும். விட்டிருந்தால் ஓட்டைப் பானையைத் தட்டின மாதிரி. நாள் முழுக்கத் தட்டினேன். ஒரு பால் வண்டியில் ஓட்டைச் சத்தம் கேட்டது. ஒரு கல்யாண மண்டபத்து வேனில் கேட்டது. இரண்டையும் உரித்துப் புதுசு போட்டேன். ஒவ்வொரு 'டங்'குக்கும் மூச்சு வந்தது. ஆனால் ஆணியில் மாட்டிய மஞ்சப் பை அங்கேயேதான் இருந்தது.

நடுவில் இரண்டு தடவை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். முதல் தடவை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, காஜா பாய் தெரு முனை வரை நடந்தேன். அவர் வீட்டு வாசலில் யாரோ நாலு பேர் நின்றிருந்தார்கள். அதைச் சாக்காக வைத்துத் திரும்பினேன். கையில் எதுவும் இல்லாமல் வீட்டுக்கு வந்தால் தேவராஜ் கேட்பாரே என்று ஒரு பெட்டி பால்கோவா வாங்கிக்கொண்டேன். அவர் ஒரு வாய் தின்றுவிட்டு, "இதுக்கா அங்கிட்டுப் போன?" என்று கேட்டார். நான் தொடவில்லை.

இரண்டாவது தடவை வாசலில் யாரும் இல்லை. கதவு திறந்திருந்தது. அப்படியும் திரும்பி வந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது டிரைவர் பிரேக் போடுகிற இடத்திலெல்லாம் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. பக்கத்தில் இருந்த அம்மா, "கால் மரத்துப் போச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மூன்றாவது தடவை கிளம்பியபோது தேவராஜும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"நீங்க எங்க?"

"நீ மறுபடியும் பால்கோவா வாங்கிட்டு வந்துருவ" என்றார்.

காஜா பாய் வீட்டில்

அவர் தாடி வளர்ந்து, ஆள் பாதியாகியிருந்தார். நாற்காலி போட்டார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் குடிக்கவில்லை. பையைத் திறந்து ஷூவைத் தரையில் வைத்தேன். லைனிங்கை அதன் பக்கத்தில் வைத்தேன்.

"பாய், இது ஒங்க வண்டியோடது. பின்னால இடது சக்கரம். இது கழண்டு சிக்கிருக்கு. ஒங்க மேல தப்பு இல்ல. நான் அன்னைக்குத் தொறந்து பாத்திருக்கணும்."

அவர் குனிந்து லைனிங்கை எடுத்தார். துரு அவர் விரலில் ஒட்டியது. 

"நான் போன எடுக்கலக்கா" என்றார்.

"தெரியும் பாய்."

"இல்ல. எனக்குத் தெரியல." லைனிங்கைக் கீழே வைக்காமலே பேசினார். "எல்லாரும் சொல்லச் சொல்ல நானே நம்பிட்டேன். எடுத்திருப்பேனோ, 'சொல்லு'ன்னு ஒரு வார்த்த பேசிருப்பேனோன்னு. எம்பொஞ்சாதி 'நீங்க எடுக்கவே இல்ல, அடிச்சு நின்னுபோச்சு'ன்னு தலையில அடிச்சுச் சொல்றா. அவ என்னையக் காப்பாத்தப் பொய் சொல்றான்னு நினைச்சேன். அவள அப்படி நினைச்சேன்க்கா."

அவர் மனைவி கதவோரம் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு அவர் கேட்டார். "இத எப்பத் தொறந்தீக?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? தேவராஜ் என்னைப் பார்த்தார்.

"பதினோரு நாளாச்சு பாய்."

அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன் என்று சொன்னேன் அல்லவா? எழுந்து நின்று கத்தினார். "பதினோரு நாளா கையில வச்சிட்டு இருந்தீகளா? பள்ளிவாசலுக்குப் போயி எவன் மூஞ்சியையும் பாக்க முடியாம மூலையில நின்னுட்டு வாரேன். பதினோரு நாளு!" லைனிங்கை வீசி எறிந்தார். அது சுவரில் பட்டு விழுந்தது. நாங்கள் மூவரும் அசையவில்லை. அவரே போய் அதை எடுத்து வந்தார். தட்டிப் பார்த்து, ஷூவின் பக்கத்திலேயே வைத்தார்.

"கெளம்புங்க" என்றார். "ஸ்டேஷனுக்கு."

நம்பாதவர்கள்

ஸ்டேஷனில் முதலில் நம்பவில்லை. "நீங்களே கழட்டிட்டு நீங்களே கொண்டாந்தா எப்படிம்மா? பாய்க்கு நீங்க வேண்டியவங்க. நாளைக்கு கோர்ட்ல என்ன சொல்றது?" என்று அங்கிருந்த எஸ்.ஐ. கேட்டார். நியாயமான கேள்விதான்.

"இன்னும் மூணு சக்கரம் தொறக்காம இருக்கு சார்" என்றேன். "நான் கை வைக்கல. நீங்க ஆள் வச்சுத் தொறங்க."

இரண்டு நாள் கழித்து முன்பு வந்த அதே அதிகாரி எங்கள் பட்டறைக்கு வந்தார். வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்திருந்தார். நான் சுவரோரமாக நின்றேன். முன்சக்கரம் இரண்டும் நன்றாக இருந்தன. பின்னால் வலது சக்கரத்தைத் திறந்தார்கள். லைனிங் இருந்த இடத்தில்தான் இருந்தது. அந்த மெக்கானிக் ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையை ஓரத்தில் வைத்து லேசாக நெம்பினார். லைனிங் பெயர்ந்து வந்தது. அடியில் அதே செம்பழுப்புத் துரு.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தடிமன் எல்லாம் சரியாத்தான இருக்கு" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"தடிமனத்தான் சார் நானும் பாத்தேன்" என்றேன்.

காஜா பாய் மேல் இருந்த வழக்கு நின்றது. கொஞ்ச நாளில் லைசென்ஸ் திரும்ப வந்தது. என் மேல் வழக்குப் போடுவார்கள் என்று எதிர்பார்த்துத் துணிமணி கூட எடுத்து வைத்திருந்தேன். வாக்குமூலம் வாங்கிச் சாட்சியாகத்தான் சேர்த்தார்கள். அது எனக்கு நிம்மதியைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

முத்துமாரி

அவள் வீட்டுக்குத் தனியாகத்தான் போனேன். வாசலில் உட்கார்ந்து, ரப்பர் பந்து ஒன்றை இடது கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்கின. மற்ற மூன்றும் பேருக்கு இருந்தன. நான் யார் என்று சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். அழக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். அழவில்லை.

அவள் பந்தை அழுத்துவதை நிறுத்தவில்லை.

"பாயண்ணன நான்தான் ரொம்பத் திட்டுனேன்" என்றாள். "ஆஸ்பத்திரியில என்னையப் பாக்க வந்தாரு. பெட்ல கெடந்துக்கிட்டே, போயிருங்கன்னு கத்துனேன். அவுக பேசாமப் போயிட்டாக."

"அது என்னால வந்தது."

"ஆமா" என்றாள். "ஒங்களால வந்ததுதான்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவ்வளவு தூரம் அலைந்தேனோ என்னவோ. வாரக்கணக்கில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் "நீங்க என்ன செய்வீங்க, மழை செஞ்சது" என்றுதான் சொன்னார்கள். இவள் ஒருத்திதான் என் கணக்கை என் முன்னால் வைத்தாள்.

"நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன்.

"எங்கைக்கு நீங்க ஒண்ணும் செய்ய முடியாது. நீங்க போயிட்டு வாங்கக்கா." நான் திரும்பியதும், "பாயண்ணன வரச் சொல்லுங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அவர் அன்றைக்கே போனார். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. முத்துமாரிக்குப் பிறகு அதே மில்லில் நூல் கோன்களை எண்ணி அடுக்குகிற இடத்தில் வேலை கிடைத்தது. நூல் பிணைக்க அவளால் இனி முடியாது.

ஏறுங்க

எங்கள் பட்டறையைச் சிலர் விட்டுப் போனார்கள். வேறு சிலர் புதிதாக வந்தார்கள், அந்தம்மா தப்பென்றால் தப்பென்று சொல்லும் என்று. இரண்டு விதமான ஆட்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். இப்போது ஆறு மாதம் நின்ற வண்டி என்றால் திறக்காமல் விடுவதில்லை. தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் தட்டித்தான் பார்க்கிறேன். "புதுசும்மா" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.

வேனை நாங்களே சரிசெய்தோம். தேவராஜ் நாலு டிரம்மையும் கடைந்து கொடுத்தார். நான் ஷூ எட்டையும் தேய்த்து வெள்ளையாக்கி, இந்தத் தடவை பசையோடு ரிவெட்டும் அடித்தேன். காஜா பாய் அதுவரை என்னோடு சரியாகப் பேசவில்லை. வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டும்தான்.

முதல் ட்ரிப் அன்று விடியற்காலை பஸ் பிடித்து அவர் தெருவுக்குப் போய் நின்றேன். "நானும் வாரேன் பாய்" என்றேன்.

பக்கக் கதவைத் திறந்துவிட்டார். "ஏறுங்க" என்றார்.

கிராமத்தில் பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். சிலர் வேறு வேனுக்கு மாறிவிட்டார்கள், ஏழு பேர்தான். ஏறியவர்களும் பேசாமல் ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். முத்துமாரி வலது பக்கத்தில், டிரைவருக்குப் பின்சீட்டில், உள்தள்ளி உட்கார்ந்தாள். எனக்கு இடது ஜன்னல் ஓரம் கிடைத்தது. கம்பியில் கை வைக்க எனக்கும் மனசு வரவில்லை. டிபன் பாக்ஸ்களில் புளியோதரை மணம். வெளியே கண்மாயில் தண்ணீர் பாதிக்கு நின்றது.

அந்தப் பனையைத் தாண்டிக் கரையில் ஏறி, மறுமுனையில் இறங்குகிற இடம் வந்தது. எதிரே எந்த வண்டியும் இல்லை. காஜா பாய் வேகத்தைக் குறைக்கவில்லை. இறக்கத்தின் நடுவில் பிரேக்கை அழுத்தி மிதித்தார். எல்லாரும் முன்னால் சாய்ந்தோம். வேன் நேராக நின்றது. ஒரு சாண் கூட அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ விலகவில்லை. கிளப்பி, பத்தடி போய், மறுபடியும் மிதித்தார். மறுபடியும் நேராக நின்றது.

அவர் ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். தோள்கள் மட்டும் ஏறி ஏறி இறங்கின.  என்ஜின் துடித்துக்கொண்டிருந்தது.

பின்சீட்டிலிருந்து முத்துமாரிதான் பேசினாள்.

"போதும் பாயண்ணே, கெளப்புங்க. மில்லுல கேட்டைப் பூட்டிருவான்."